வெறியும் வித்தையும்

“உள்ளே ஊற்றினால்தான் உருமி பேசும்” என்றொரு பேச்சு நம் தோட்டப்புறங்களில் வழங்கி வருகிறது. கலியாண வீடாயினும் சரி, இழவு வீடாயினும் சரி, மேளக்காரருக்கு முதலில் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே தோலைத் தட்டச் சொல்வது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. வெறி ஏறாதவனுக்கு வித்தை ஏறாது என்பது இதன் கருத்து. படியாதவர்தாம் இதை நம்புகின்றனர் என்று எவரேனும் எண்ணுவாராயின் அது தவறு. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, மேசை முன் அமர்ந்து பேனா பிடிக்கும் யாமும் இதையே வேறொரு பாஷையில் நம்பியிருந்தோம். நம்பியதோடு நில்லாமல் ஓர் இளைஞனுக்குப் போதித்தும் விட்டோம். அப்பிழையை ஒப்புக்கொண்டு, அது பிழையென எமக்குக் காட்டிய ஓர் ஆங்கில இசைக் குழுவின் வரலாற்றையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். காலையில் பிரட்டுக்குப் பெயர் பதிவதும், குலைக் கணக்கு எழுதுவதும், மாத முடிவில் சம்பளப் பட்டியல் தயாரிப்பதும் எம் வேலை. எமக்கு முன்னிருந்த பெரிய கிராணியார் ஓய்வு பெற்றுச் சென்றபோது, இசைத்தட்டுகள் நிறைந்த பெட்டியொன்றையும், அவற்றைச் சுழற்றும் பழைய யந்திரத்தையும் எம்மிடம் விட்டுச் சென்றார். பெட்டியின் அடியில் கறுத்த அட்டையுள்ள தட்டொன்று கிடந்தது. அட்டையின் நடுவே ஒரு முக்கோணக் கண்ணாடி. அதனுள் புகும் வெள்ளொளி பல நிறங்களாய்ப் பிரிந்து வெளிவருவது போன்ற படம். முகப்பில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

மழை பெய்த ஓர் இரவில் அத்தட்டைச் சுழலவிட்டோம். முதலில் எழுந்தது பாட்டன்று. மனித இதயத்தின் துடிப்பு. அதன் மேல் கடிகாரங்களின் ஓசை, காசுப்பெட்டியின் சத்தம், பித்தர் சிரிப்பு, இறுதியில் ஓர் அலறல். அலறல் ஓயுமிடத்தில் கித்தாரின் நாதம் மெல்ல விரிந்தது. எம் வீட்டுத் தகரக் கூரையைப் பிரித்து எவரோ எம்மை ஆகாயத்துக்கு எடுத்துச் சென்றது போலிருந்தது என்றால் அது மிகையாகாது. அதுதான் பிங்க் பிளாய்ட் என்னும் குழு 1973-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆப் தி மூன்’. அதாவது, திங்களின் இருண்ட புறம்.

இவ்வகை இசைக்கு ஆங்கிலேயர் ‘ஸ்பேஸ் ராக்’ என்று பெயரிட்டனர்; விண்வெளி இசை என்று நாம் கூறலாம். 1957-இல் ருஷ்யர் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவினர். 1961-இல் ககாரின் பூமியை வலம் வந்தார். இச்செய்திகளைக் கேட்டு வளர்ந்த லண்டன் வாலிபர்களுக்கு, மூன்று நிமிடக் காதற்பாட்டு போதவில்லை. 1965-இல் கட்டடக் கலை பயின்ற மாணவர் மூவர், ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் என்போர், ஓவியம் பயில வந்த சிட் பேரட் என்னும் கேம்பிரிட்ஜ் வாலிபருடன் கூடி இக்குழுவை நடத்தினர். குழுவின் பெயரைச் சூட்டியவரும் பேரட்டே. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களாகிய பிங்க் ஆண்டர்சன், பிளாய்ட் கௌன்சில் என்ற இருவரின் முதற்பெயர்களைச் சேர்த்து அவர் அப்பெயரை அமைத்தார்.

இவர்களுடைய முதல் நெடுந்தட்டு 1967 ஆகஸ்டில் வெளிவந்தது. ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆப் டான்’, அதாவது வைகறை வாயிலில் குழலூதுவோன், என்பது அதன் பெயர். அதிலுள்ள பதினொரு உருப்படிகளில் எட்டு பேரட் தனித்தே இயற்றியவை. முதற்பாட்டில் கிரகங்களின் பெயர்களும் அவற்றைச் சுற்றும் துணைக்கோள்களின் பெயர்களும் ஒலிக்கின்றன. மற்றொன்று சொல்லே இல்லாமல் ஏறக்குறைய பத்து நிமிடம் விண்ணில் உலவுகிறது. பேரட் சிகரெட்டு பற்றவைக்கும் உலோகக் கொள்ளியைக் கித்தார்த் தந்திகளின் மேல் தேய்த்து, அவ்வொலியை எதிரொலி யந்திரத்தில் செலுத்தி, அதுவரை எவரும் கேளாத நாதங்களை எழுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

நிற்க. இக்குழுவைப் பற்றி அக்காலத்தில் யாம் தேடிப் படித்தவற்றில் எம் மனத்தில் ஒட்டிக்கொண்டது ஒரே விஷயம். எல்.எஸ்.டி. என்னும் மயக்க மருந்தை உண்டு, இல்லாத நிறங்களைக் கண்டு, அம்மயக்கத்திலேயே இவர்கள் இவ்விசையைப் படைத்தனர் என்பதே அது. ஒரு மாலை, எம் தமக்கை மகன் எம் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கு அப்போது வயது பதினைந்து. உருமி மேளக் குழுவொன்றில் புதிதாய்ச் சேர்ந்திருந்தான். அவனுக்கு இத்தட்டைப் போட்டுக் காட்டி, “மயங்காமல் இப்படி வாசிக்க முடியுமாடா?” என்று பெருமையோடு கூறினோம். “அப்படியா மாமா?” என்று மட்டும் கேட்டான். யாம் அதை மறந்துவிட்டோம். அவன் மறக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் சென்றன. பையனின் கை தேர்ந்தது. குழுவுக்குப் பெயர் வந்தது. கூடவே சம்சுவும் வந்தது. சென்ற ஆண்டு ஒரு கலியாண ஊர்வலத்தில், பெண் வீட்டார் பார்த்திருக்க, அவன் கை தாளத்தை விட்டு விலகியது. பிறகு கால் நிலத்தை விட்டு விலகியது. மேளத் தலைவர் நடுத்தெருவிலேயே உருமியை அவன் தோளிலிருந்து கழற்றி வேறொருவனிடம் கொடுத்தார். மறுநாள் அவர் எம்மிடம் வந்து, “கிராணியாரே, பையன் கை நல்ல கை. ஆனால் இனி அவனை வண்டியில் ஏற்ற முடியாது” என்றார். யாம் பையனை அழைத்துக் கடுஞ்சொல் கூறினோம். அவன் தலை நிமிராமலே, “நீங்கள்தானே மாமா சொன்னீர்கள், வெள்ளைக்காரனே மயங்கித்தான் வாசித்தான் என்று?” என்றான்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. கணக்கெழுதிப் பிழைப்பவர் யாம். வரவு செலவைப் பாராமலே ஒரு வாலிபனின் வாழ்வில் கையெழுத்திட்டு விட்டோமே என்று வெட்கினோம். ஆகவே அக்குழுவின் வரலாற்றை முதலிலிருந்து மீண்டும் புரட்டினோம்.

முதலாவது, பேரட்டின் கணக்கு. அம்முதல் தட்டின் பாட்டுகள் எவற்றைப் பற்றியவை? ஒரு பூனை, ஒரு சைக்கிள், வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை, தாய் படித்துக் காட்டும் கதை. தட்டின் பெயரே கென்னத் கிரகாம் என்பார் 1908-இல் எழுதிய சிறுவர் நூலின் ஓர் அத்தியாயத் தலைப்பு. இவையெல்லாம் பேரட்டின் பிள்ளைப் பருவம் ஈந்த செல்வம். எந்தப் புட்டியிலும் அடைத்து விற்கப்படுவன அல்ல. மருந்துதான் பாட்டைத் தந்தது என்றால், மருந்து மிக மிகப் பாட்டும் மிகுந்திருக்க வேண்டுமன்றோ? நடந்ததோ அதற்கு நேர் மாறு. 1967-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் மேடையில் ஒரே சுருதியை மீட்டி நின்றதும் உண்டு. கைகளைத் தொங்கவிட்டு ஒன்றும் வாசியாமல் நின்றதும் உண்டு. அவருக்குத் துணையாக டேவிட் கில்மோர் என்னும் நண்பர் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஒரு நாள், சௌதாம்டன் நகரில் வாசிக்கப் புறப்பட்ட தோழர்கள், வழியில் பேரட்டை ஏற்றிக்கொள்ளாமலே வண்டியை ஓட்டிச் சென்றனர். அதே ஏப்ரலில் அவர் குழுவை விட்டு நீங்கியது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இதைப் படித்தபோது மேளத் தலைவரின் சொல் எம் காதில் ஒலித்தது. வண்டியில் ஏற்ற முடியாது என்பது எல்லா நாட்டிலும் ஒரே பாஷைதான் போலும்.

1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது, பிங்க் பிளாய்ட் குழுவினர் லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சி நிலையத்தில் அமர்ந்து அந்நிகழ்ச்சிக்கென நேரிலேயே வாசித்தனர். விண்ணுக்கு வழி காட்டிய பேரட் அப்போது அங்கில்லை. அவர் 1970-இல் தனித்து இரண்டு தட்டுகள் வெளியிட்டார்; பின்னர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஓவியம் தீட்டியும் தோட்ட வேலை செய்தும் ஒதுங்கி வாழ்ந்து, 2006 ஜூலையில் தம் அறுபதாவது வயதில் மறைந்தார். மருந்தே அவருக்கு நோயைத் தந்தது என்பாரும், உள்ளே உறங்கிய நோயை மருந்து எழுப்பிவிட்டது என்பாரும் உளர். மருந்தால் அவருக்கு நன்மை விளைந்தது என்று அவருடன் இருந்தோர் எவரும் கூற யாம் கேட்டிலோம்.

இரண்டாவது, எம்மை மயக்கிய அந்தக் கறுப்புத் தட்டின் கணக்கு. அது பேரட் நீங்கி ஐந்தாண்டுக்குப் பின் வந்தது. 1972 ஜனவரி முதல் அதன் பாட்டுகளை மேடை மேடையாய் வாசித்துப் பழகினர். அவ்வாண்டு மே மாதம் முதல் மறு ஜனவரி வரை, லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் பகுதி பகுதியாய்ப் பதிந்தனர். அதில் கேட்கும் கடிகார ஓசைகள், ஆலன் பார்சன்ஸ் என்னும் ஒலிப்பதிவாளர் பழங்கடிகாரக் கடையொன்றுக்குச் சென்று எடுத்து வந்தவை. பணத்தைப் பற்றிய பாட்டின் தொடக்கத்தில் காசு குலுங்குகிறது, காகிதம் கிழிகிறது, காசுப்பெட்டி மணி அடிக்கிறது. வாட்டர்ஸ், தம் மனைவி மண்பாண்டம் வனையும் இடத்தில், கலம் ஒன்றில் நாணயங்களைப் போட்டு உருட்டி அவ்வோசையைப் பதிந்தார். பிறகு ஒவ்வோர் ஓசையும் பதிந்த நாடாவை அடிகோல் வைத்து அளந்து, சமநீளத் துண்டுகளாய் வெட்டி ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டனர். ஒரு சுற்றுக்கு ஏழு தட்டு.

அடிகோல்! எம் மேசையில் நாள்தோறும் கிடக்கும் அதே அடிகோல்! ஆகாயத்துக்கு எம்மை ஏற்றியது மயக்கமன்று. அளந்து வெட்டிய நாடா. மயங்கிய கை நாடாவை அளக்குமா? அளந்தாலும் கோணாமல் வெட்டுமா? அமெரிக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையில் இத்தட்டு 741 வாரம் இடம் பெற்றிருந்தது. அத்தனை ஆண்டும் அதை வாங்கிக் கேட்டோர் கேட்டது இந்த உழைப்பையே.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதைக் கணக்கென்று சொல்ல மனம் வரவில்லை. 1975 ஜூனில் அக்குழு அதே நிலையத்தில், பேரட்டை எண்ணி இயற்றிய ஏறக்குறைய இருபத்தாறு நிமிடப் பாட்டைச் செப்பம் செய்துகொண்டிருந்தது. அப்போது தலைமயிரும் புருவமும் மழித்து, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ வேலையாள் என்று எண்ணினர். சிறிது நேரஞ் சென்றே, அவர் பேரட் என்பதை உடனிருந்து வாசித்த தோழர்கள் அறிந்தனர். வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார். அப்பாட்டு ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்னும் தட்டில் அவ்வாண்டே வெளிவந்தது. நீ இங்கிருந்தால் ஆகாதா என்பது அப்பெயரின் பொருள். அத்தட்டை யாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது ஒரு தோழனுக்காக அழும் அழுகை என்பதைத் தமக்கை மகன் தலை குனிந்து நின்ற பிறகே உணர்ந்தோம்.

மறு சனிக்கிழமை அவனை வீட்டுக்கு அழைத்தோம். “அன்று யாம் சொன்னது பொய்யடா, தெரியாமல் சொன்ன பொய்” என்றோம். மாமன் மருமகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை, ஆயினும் கேட்டோம். பேரட்டின் கதையை முற்றும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு பணத்தைப் பற்றிய அப்பாட்டைப் போட்டோம். நாணயங்கள் சுழன்றன, மணி அடித்தது. சில கணத்தில் அவன் விரல்கள் தானாக நாற்காலிச் சட்டத்தில் தட்டத் தொடங்கின. தகிட தகதிமி; தகிட தகதிமி.

“மாமா, இது நாலில்லை, ஏழு” என்றான். சங்கீத வித்துவான்கள் மிசிர சாப்பு என்பது இதுதான் என்றோம். இடையில் கித்தார் தனித்து முழங்குமிடத்தில் தாளம் நாலுக்கு மாறியதையும், மீண்டும் ஏழுக்குத் திரும்பியதையும் அவனே கண்டு சொன்னான். அன்று அவன் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் மாறிய இடம் தெரிந்திராது. அதை யாம் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்கும்.

அவன் திருந்திவிட்டான் என்று எழுதி இக்கட்டுரையை முடிக்க எமக்கும் ஆசைதான். ஆனால் கணக்கில் வராததை வரவு வைக்கக் கூடாது. இடையில் இருமுறை தவறினான்; மற்றச் சனிக்கிழமைகளில் வருகிறான். மேளத் தலைவர், “ஆறு மாதம் பார்ப்போம்” என்று கூறியிருக்கிறார்.

தோட்டத்துத் தோழர்களே, பட்டணத்து அன்பர்களே, உங்களை யாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த கலியாணத்தில் மேளக்கார வாலிபர் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, போத்தலை நீட்டாதீர்கள். சோறு போடுங்கள், பேசிய கூலியைக் குறையாமல் கொடுங்கள், நன்றாக வாசித்தவனை நன்றாக வாசித்தாய் என்று வாய்திறந்து சொல்லுங்கள். எம்மைப் போல் நாலெழுத்துப் படித்தவர்கள், மயக்கத்தின் பெருமையைப் பிள்ளைகள் காதில் போடுமுன் வாயைச் சற்றே அளந்து திறப்போமாக.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை மாலை அவன் வருவான் என்று அத்தட்டைத் துடைத்து வைத்திருக்கிறோம்.