தக்கோலம் போயிட்டு வந்த கதை

சித்திரையில தர்பூசணி எடுத்து முடிச்சதும் எங்களுக்குக் கொஞ்சம் கை ஓய்வு. அந்த நேரத்துலதான் எங்க ஊர் பட்டாளத்து அண்ணன் ஒரு வேன் பேசினாரு. அவர் ஹவில்தாரா இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை நடந்த இடம்னா சோறு தண்ணி வேணாம் அவருக்கு. பக்கத்துல ஆலம்பரைக் கோட்டையைப் பத்து தடவை காட்டிட்டாரு. இந்தத் தடவை தக்கோலம். ஆளுக்கு எழுநூறு ரூபாய், பன்னெண்டு பேர். என் பையனையும் கூட்டிக்கிட்டேன்.

மரக்காணத்துல விடியக்காலம் கிளம்பி திண்டிவனம், வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாப் போனோம். வந்தவாசியில 1760-ல வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கிட்டதை அண்ணன் வேனை நிறுத்தாமலே சொல்லி முடிச்சாரு. அவருக்கு மனசெல்லாம் 949-லதான் இருந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். தஞ்சாவூர்ல பராந்தக சோழன் ஆண்ட காலம். வடக்க இருந்து ராஷ்டிரகூட ராஜா மூன்றாம் கிருஷ்ணன் வருவான்னு தெரிஞ்சு, மூத்த பையன் ராஜாதித்தனைப் படையோட நம்ம நடுநாட்டுல, திருநாவலூர்ல உட்கார வைச்சிருந்தாரு. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லைங்க, வருஷக்கணக்குல. சண்டை இல்லாத படைக்கு என்ன வேலை? வீராணம் ஏரியை வெட்டினதே அந்தப் படைதான்னு காலங்காலமா சொல்றாங்க. வீரநாராயணன்ங்கிறது பராந்தகனோட பட்டப்பேரு, அதுதான் வீராணம் ஆச்சு. சென்னையில இருக்குற சொந்தங்களே, 2004-ல இருந்து உங்க குழாய்ல வர்ற வீராணம் தண்ணி அந்த ஏரியோடதுதான்.

கடைசியில தக்கோலத்துல மோதினாங்க. ராஜாதித்தன் யானை மேலேயே செத்துப்போனான். சோழங்க செப்பேட்டுல மார்புல அம்பு தைச்சு வீர சொர்க்கம் போனான்னு இருக்கு. கன்னடக்காரங்க கல்வெட்டுல வேற மாதிரி. கங்க ராஜா பூதுகன் யானை அம்பாரியையே களமாக்கி, குத்துவாளால குத்திக் கொன்னான்னு இருக்கு. தோத்தவன் வீட்டுல ஒரு மாதிரியும் ஜெயிச்சவன் வீட்டுல ஒரு மாதிரியும் எழுதுறது சகஜம்தானே. செத்தது யானை மேலங்கிறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் தகராறு இல்லை.

அந்தக் கன்னடக் கல்வெட்டு ஆதகூர்னு மண்டியா பக்கத்து ஊர்ல கிடைச்சது, இப்ப பெங்களூரு மியூசியத்துல இருக்கு. அது எதுக்காக நட்ட கல்லு தெரியுமா? ஒரு நாய்க்கு! சண்டையில நல்லா நின்ன மணலேரன்ங்கிற வீரனுக்கு என்ன வேணும்னு பூதுகன் கேட்டிருக்கான். அவன் காளிங்கிற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கிட்டான். அது ஒரு பெரிய காட்டுப்பன்னியோட மல்லுக்கட்டி ரெண்டுமே செத்துப்போச்சு. அதுக்குக் கல்லு நட்டு, நிலமும் எழுதி வைச்சிருக்காங்க. ராத்திரியில மல்லாட்டைக் கொல்லையைப் பன்னிகிட்ட இருந்து காப்பாத்தக் கண்ணு முழிச்சவனுக்குத்தான் அந்த நாயோட அருமை தெரியும்.

தக்கோலத்துல களம்னு காட்ட ஒண்ணும் இல்லை. ஜலநாதீஸ்வரர் கோயில் இருக்கு, தேவாரத்துல திருவூறல்னு பாடின ஊரு. அதைத் தாண்டினா ஆறு, வயலு, வீடு, அவ்வளவுதான். பக்கத்துல கேசாவரம் அணைக்கட்டு, அங்கதான் குசஸ்தலை ஆத்துல இருந்து கூவம் பிரியுது. அண்ணன் வரப்பு மேல நின்னு, இந்தப் பக்கம் யானை, அந்தப் பக்கம் குதிரைன்னு கையை நீட்டிக்கிட்டிருந்தாரு. நான் குனிஞ்சு மண்ணை அள்ளிப் பார்த்தேன். நல்ல மண்ணு. எங்க ரெண்டு ஏக்கர் உப்பளத்தை ஒட்டி, கழுவெளி ஓரத்துல இருக்கு. மழை குறைஞ்ச வருஷம் கிணத்துத் தண்ணி கரிக்கும், வரப்போரம் வெள்ளையாப் பூத்து நிக்கும். கிழக்கால கால் காணியில இப்ப கோரை தவிர ஒண்ணும் வர்றதில்லை.

பையன் மண்ணைப் பார்க்கலை. அவன் கண்ணெல்லாம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையோட பயிற்சி மையத்து மேல. 2025-ல அதுக்கு ராஜாதித்த சோழன் பேரு வைச்சாங்க. வாசல்ல நின்னு நாலு போட்டோ எடுத்தான். அங்க சேரணும்னு ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கான். "உப்பு மண்ணுல நீ என்னத்தப்பா கண்ட?"ன்னு கேப்பான். பதில் சொல்ல எங்கிட்ட கணக்கு நோட்டுதான் இருக்கு, அதுவும் அவன் பக்கம்தான் பேசும்.

திரும்பி வரும்போது அண்ணன் இன்னொருத்தரைப் பத்திச் சொன்னாரு. வல்லபன்னு மலையாள தேசத்துக்காரர், ராஜாதித்தனோட சிநேகிதர். சண்டையன்னைக்குப் பக்கத்துல இல்லை. கூட சாக முடியலையேன்னு கங்கைக்குப் போயி, அப்புறம் திருவொற்றியூர்ல சதுரானன பண்டிதர்ங்கிற பேர்ல சாமியாரா இருந்திருக்காரு. திருவொற்றியூர்க் கல்வெட்டுல இருக்கு. வேன்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, எனக்குத் தூக்கம் வரலை. பராந்தகன் அதுக்கப்புறமும் சில வருஷம் உயிரோட இருந்தாரு. மூத்த மகனை எல்லைக்கு அனுப்பி வைச்ச மனுஷன் அந்த வருஷங்களை எப்படித் தள்ளினாருன்னு எந்தக் கல்லும் சொல்லலை.

வீட்டுக்காரம்மாகிட்ட யானை கதையைச் சொல்லலை, நாய் கதையை மட்டும் சொன்னேன். பையனுக்கு உடல்தகுதித் தேர்வு வருது. அஞ்சு கிலோமீட்டரை இருபத்துநாலு நிமிஷத்துக்குள்ள ஓடணும்னு தினம் நாலரை மணிக்கு ஈ.சி.ஆர் ரோட்டுல ஓடுறான். போகும்போது கொல்லை மோட்டாரைப் போட்டுட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன். போட்டுட்டுத்தான் போறான்.