நாடோடிக்குக் கிடைத்த வீடு

வெவே ரயில் நிலையத்தில் இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு முள்கரண்டி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெனீவா ஏரித் தண்ணீருக்குள் குத்திட்டு நிற்கும் 8 மீட்டர் உயர முள்கரண்டி! கரையில் இருக்கும் உணவு அருங்காட்சியகத்துக்காக வைத்தது. ஆளாளுக்கு அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் வேறு பக்கம் கை காட்டினார்.

"அங்க பாரு, நம்ம சாப்ளின்!"

தொளதொள கால்சட்டை, இறுக்கிப் பிடித்த கோட்டு, தொப்பி, கைத்தடி. வெண்கலச் சிலையாக நிற்கிறார் சார்லி சாப்ளின். அம்மா அவர் பக்கத்தில் போய், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பது போல விறைப்பாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் கேட்டார், "பொறந்தது லண்டன், படம் எடுத்தது அமெரிக்கா. சுவிட்சர்லாந்துல இவருக்கு என்னடி வேலை?"

நல்ல கேள்வி. பதில் ஒரு கப்பலில் இருக்கிறது.

1952 செப்டம்பர். 'லைம்லைட்' படத்தை லண்டனில் வெளியிடுவதற்காக மனைவி, நான்கு குழந்தைகளுடன் நியூயார்க்கில் கப்பல் ஏறினார் சாப்ளின். கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே செய்தி வந்தது: அமெரிக்காவுக்குத் திரும்பி வரும் அனுமதி ரத்து! கம்யூனிஸ்ட் அனுதாபி என்று அவர் மேல் அரசுக்குச் சந்தேகம். சுமார் 40 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருக்கவில்லை. கடைசிவரை பிரிட்டிஷ் பிரஜைதான். அதனால் கதவைச் சாத்துவது சுலபமாகப் போயிற்று.

மனைவி ஊனா அமெரிக்கப் பெண். அவருக்குத் தடையில்லை. அவர் தனியாக அமெரிக்கா போய் பண விவகாரங்களை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார். 1953 ஜனவரியில் வெவேக்கு மேலே கோர்சியே என்ற கிராமத்தில் ஒரு மாளிகைக்குக் குடிபோனார்கள். அப்போது சாப்ளினுக்கு வயது 63.

ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய்விடலாம். 2016 ஏப்ரல் 17 முதல் அது அருங்காட்சியகம். மறு வருடப் பிறந்தநாளில் 662 பேர் சாப்ளின் வேஷம் போட்டுக்கொண்டு இங்கே கூடி கின்னஸ் சாதனை செய்திருக்கிறார்கள்.

வெள்ளை மாளிகை, பெரிய புல்வெளி, வயதான மரங்கள், எதிரே மலைகள். அம்மாவுக்கு ஏமாற்றம்.

"இவ்வளவு பெரிய வீடா? படத்துல கிழிஞ்ச ஷூதான போட்டிருப்பாரு?"

கிழிந்த ஷூ வெறும் வேஷமல்ல, அம்மா. லண்டனில் அப்பா குடிகாரர். குடும்பத்தோடு இருந்ததே குறைவு. அம்மாவுக்கு மனநோய். 7 வயதில் சார்லியும் அண்ணன் சிட்னியும் தாயோடு ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு. பின்னாளில் 1916-இல் ஒரே வருட ஒப்பந்தத்துக்கு 6,70,000 டாலர் வாங்கிய மனிதரின் ஆரம்பம் இது.

அவர் எங்கே பிறந்தார் என்பதற்கே இதுவரை பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் பிரிட்டிஷ் உளவுத்துறையே தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டது. ஆனால் இந்த வீட்டில் ஒரு மேஜை இழுப்பறை பூட்டியே கிடந்தது. 1991-இல் ஊனா இறந்த பிறகு, அந்த மேஜை மகளிடம் போய், இழுப்பறையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கடிதம். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியது. 'நீங்கள் லண்டனில் பிறக்கவில்லை. ஸ்மெத்விக் ஊரில் ஜிப்ஸிகளின் வண்டி வீட்டில் பிறந்தீர்கள்' என்பது அதன் சாரம். அது உண்மையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலகெங்கிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வாங்கிய மனிதர், இந்த ஒன்றை மட்டும் ஏன் பூட்டி வைத்தார்? எனக்கு அந்த வீட்டில் மற்றதையெல்லாம்விட அதுதான் மனதில் நின்றது.

வீட்டுக்குள் கண்ணாடி அலமாரிகளைவிட குடும்பப் படங்கள்தான் அதிகம் பேசுகின்றன. ஊனாவைக் கல்யாணம் செய்தபோது அவருக்கு 54, ஊனாவுக்கு 18. நோபல் பரிசு பெற்ற நாடக ஆசிரியர் யூஜின் ஓ'நீலின் மகள் அவர். அந்தத் திருமணத்துக்காக மகளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார் ஓ'நீல். எட்டுக் குழந்தைகள். கடைசிப் பையன் பிறந்தபோது சாப்ளினுக்கு 73! "பேரன் வயசுல பையன்" என்று அம்மா சிரித்துவிட்டு, ஊனாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மௌனப் படக்காரருக்கு இசைதான் பெரிய பைத்தியம். இடது கைப் பழக்கம் என்பதால் வயலின் தந்திகளை மாற்றிக் கட்டி வாசிப்பார். இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. அவர் முணுமுணுப்பார், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். தன் பழைய மௌனப் படங்களுக்கு இந்த வீட்டில் இருந்தபடிதான் புதிதாக இசை சேர்த்தார். அவருக்குப் போட்டியில் கிடைத்த ஒரே ஆஸ்கர், நடிப்புக்கோ இயக்கத்துக்கோ இல்லை. 'லைம்லைட்' படத்தின் இசைக்கு. படம் 1952-இல் வந்தது, பரிசு 1973-இல். லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டரில் அது ஓட அத்தனை வருடம் ஆகியிருந்தது! அதற்கு முந்தைய வருடம் கௌரவ ஆஸ்கர் வாங்க அமெரிக்கா அவரை அழைத்தது. அரங்கமே எழுந்து நின்று நிமிடக் கணக்கில் கைதட்டியது. வாங்கிக்கொண்டு இந்தக் கிராமத்துக்கே திரும்பிவிட்டார்.

இங்கும் ஒரு தொல்லை இருந்தது. வீட்டருகே துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம். டுமீல் டுமீல் சத்தம் தாங்காமல் உள்ளூர் நிர்வாகத்தோடு சண்டை போட்டார் நம் மௌனப்பட நாயகர்.

தோட்டத்தின் இன்னொரு பக்கத்தில் ஸ்டூடியோ போல ஒரு கட்டடம். 'மாடர்ன் டைம்ஸ்' பற்சக்கரங்களில் படுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படம் 1936-இல் வந்தது. அதற்கு 5 வருடம் முன்பு லண்டனில் காந்தியைச் சந்தித்தபோது சாப்ளின் அவரிடம் கேட்டதே, இயந்திரங்களை ஏன் எதிர்க்கிறீர்கள் என்றுதான். 'கோல்ட் ரஷ்' படத்தின் சாயும் குடிசையும் அங்கே இருக்கிறது. பசியில் ஷூவை வேகவைத்துத் தின்பாரே, அந்தப் படம். அந்த ஷூ அதிமதுர மிட்டாயில் செய்தது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் தின்றவர்களின் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

சாப்ளின் இறந்தது 1977 கிறிஸ்துமஸ் அன்று, இந்த வீட்டில். வயது 88. கிராமத்துக் கல்லறைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே வர மனமில்லை; வாசலில் நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். எளிமையான கல். பக்கத்தில் ஊனா.

இங்கிருந்துதான் 1978 மார்ச் தொடக்கத்தில் ஒரு ராத்திரி சவப்பெட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள் இரண்டு பேர். பிறகு வீட்டுக்கு போன்: உடல் வேண்டுமென்றால் 6 லட்சம் டாலர் கொடு. ஊனா அசையவில்லை. சாப்ளின் இருந்திருந்தால் இதைக் கேலிக்கூத்து என்றிருப்பார் என்று சொல்லிவிட்டார். மிரட்டல் போன்கள் தொடர்ந்தன. சுற்று வட்டாரத்தில் சுமார் 200 பொதுத் தொலைபேசிகளைக் கண்காணித்தது போலீஸ். 11 வாரம் கழித்து சிக்கினார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்த இரண்டு கார் மெக்கானிக்குகள். சொந்தமாக ஒரு பட்டறை வைக்கப் பணம் வேண்டுமாம்! ஏரியின் கிழக்கு முனையில், நோவில் கிராமத்துச் சோள வயலில் புதைத்து வைத்திருந்தார்கள். ஒருவருக்கு நாலரை வருடம் சிறை, இன்னொருவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

வேலையில்லாத இரண்டு அகதிகள், நடுராத்திரி, மண்வெட்டி, பெட்டியை எங்கே ஒளிப்பது என்ற தவிப்பு. அப்படியே சாப்ளின் படத்தில் வரும் ஆட்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

திரும்பக் கொண்டுவந்து இதே இடத்தில் புதைத்தபோது சுற்றிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். இனி யாரும் கிளப்ப முடியாது.

வாசலில் அம்மா கேட்டார், "இப்பவாவது உள்ளதான இருக்காரு?"

"இருக்காரும்மா."

ஊருக்குள் வந்ததும் சாக்லேட்டில் செய்த சாப்ளின் ஷூ விற்கும் கடையைப் பார்த்தோம். ஒரு டப்பா வாங்கி அம்மாவிடம் நீட்டினேன். "செருப்பப் போயி எப்படிடி வாயில வைக்கிறது" என்று பையில் போட்டுக்கொண்டார். மதுரை வந்து திறந்து பார்த்தபோது எல்லா ஷூவும் உருகி ஒன்றாகியிருந்தது. ஸ்பூனால் சுரண்டித்தான் சாப்பிட்டோம். அம்மாவும்தான்.