ஐம்பது நிரம்பிய கார்

எண்பதுகளின் இறுதியில் பர்மிங்காமில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார், இன்று புணேயில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, சிவப்பு மினி காரில்தான் கடைக்குப் போய்வருவார். ரொட்டியும் கீரையும் கதவின் உட்பைகளிலேயே அடங்கிவிடும். அதே நகரின் லாங்பிரிட்ஜ் ஆலை தயாரித்த கார். அதன்பின் பேராசிரியரின் மனத்தில் வேறெந்தக் காருக்கும் இடமில்லை.

1956-இல் சூயெஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அந்தத் தட்டுப்பாட்டை மனத்திற்கொண்டு அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி, 1959-இல் வெளியானது. மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். பத்து அங்குலச் சக்கரங்கள். 848 சிசி எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியில் அதே எண்ணெயில் ஊறும்படி வைத்தார். அப்படி மிச்சம் பிடித்த இடமெல்லாம் மனிதருக்கு.

இந்தியாவிலோ, இறக்குமதிக்குரிய பழங்கார் என்றால் 1950-க்கு முன் உருவானதாக இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. மினி எவ்வளவு மூத்தாலும் அந்தக் கோட்டைத் தொட இயலாது. 2025-இல் ஐம்பது ஆண்டு நிரம்பியவற்றுக்கு வழி திறந்தது. பேராசிரியர் அன்றிரவே தேடத் தொடங்கினார்.

பழைய மினியின் மேற்பூச்சை நம்பக் கூடாது. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, கதவுக்குக் கீழுள்ள தகட்டையும் பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தையும் அரித்திருக்கும். அங்குள்ள நண்பர் ஒரு காந்தத்துடன் சென்று பார்த்தார். பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டவில்லை. மூன்று கார்களைத் தள்ளியபின் 1967-ஆம் ஆண்டு மினி ஒன்று தேறியது. உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இங்கே பழங்கார்ப் பதிவு கிடையாது என்பதால், வாங்கிவந்து வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கும் இடமில்லை. சுங்க வரி காரின் விலையை விஞ்சியது. மனைவி அந்தத் தொகையை ஒருமுறை உரக்கப் படித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள். 2021-இல் வந்த பதிவு விதிகளின்படி இத்தகைய காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். புகைக்கட்டுப்பாடோ மோதல் பாதுகாப்போ அறியாத வண்டிக்கு இது நியாயமான விதிதான். ஆனால் கடைக்குப் போய்வரவென்றே பிறந்த கார், கடல் கடந்து வந்ததும் கடைக்குப் போகக் கூடாத காராகிவிட்டது.

அதன் தொட்டி 25 லிட்டர் கொள்ளும். பேராசிரியர் ஒருமுறைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் போடுவதில்லை. ஞாயிறு காலைகளில் பெட்ரோல் பங்க்கிலிருந்து திரும்பும்போது, கதவுப் பையில் சில நாள் ஒரு கட்டு வெந்தயக்கீரையும் இருக்கும்.