நான் தாண்டவிட்ட படி

2024 ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். ஓர் இளைஞர் தம் அக்காள் மகளை முதல் வகுப்பில் சேர்க்க வந்திருந்தார். விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், தயங்கியபடியே திருப்பித் தந்தார். "நீங்களே எழுதிவிடுங்கள் சார். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது" என்றார். முகத்தை உற்று நோக்கினேன். என்னிடம் படித்தவர், என் வகுப்பில் என் கண்ணெதிரே இரண்டாண்டுகள் அமர்ந்திருந்த பிள்ளை.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

நான் அரபு மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்று, பின்னர்த் தமிழும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணியேற்றவன். 2007-08ஆம் கல்வியாண்டில் எங்கள் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைச் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரிற் கண்டு, 2003இல் தம் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினர். அதுவே பின்னர் மாநிலமெங்கும் பரவியது. பாடங்கள் அட்டைகளாயின. அட்டைகள் ஓர் ஏணியின் படிகளாயின. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறலாம். ஆசிரியரும் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர வேண்டும்.

சிலர் வியந்தனர்; சிலர் முணுமுணுத்தனர். எனக்கோ அது பழகிய வீடாகத் தெரிந்தது. எங்கள் ஊர் மக்தபிலும் பாய்தான். ஒரு பிள்ளை அலிபில் நிற்கும். அடுத்த பிள்ளை எழுத்துக் கூட்டும். மற்றொன்று குர்ஆனை விரித்திருக்கும். பழைய சபக்கை ஒப்புவிக்காமல் எவருக்கும் புதிய சபக் கிடையாது. பிரம்பும் அங்கே இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கல்வியைப் படிப்படியாக, மாணவனின் கொள்ளளவறிந்து புகட்ட வேண்டும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே தம் 'முகத்திமா'வில் எழுதிய இப்னு கல்தூன், மாணவரிடம் காட்டும் கடுமையின் கேட்டையும் அதே நூலில் எடுத்துரைத்திருக்கிறார். ஆக, ஆய்வாளர் சொன்னது எனக்குப் புதிதன்று. தெரிந்திருந்தும் தவறினேன் என்பதுதான் என் குற்றம்.

ஐந்து வகுப்புகளுக்கு நாங்கள் இருவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்றே வகுத்தது. பாயில் அமரும் நேரத்தைப் பதிவேடுகள் தின்றன. ஒரு நாள், பார்வைக் குழு வருகிறது என்ற செய்தி வந்தது. அப்போது அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டும் அட்டையிலேயே நின்றிருந்தான். அடைவு அட்டவணையில் அவனைப் பல படிகள் மேலே ஏற்றி எழுதினேன். எவரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. என் அச்சம் எழுதிற்று. வந்தவர்கள் அட்டவணையைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், சென்றார்கள். அடுத்த வகுப்பில் அவனை ஏற்றுக்கொண்டவரும் அட்டவணையையே நம்பினார். ஏட்டில் அவன் மேலே நின்றான். தரையில் அவன் கீழே நின்றான். கீழே நின்றவனை யாரும் பார்க்கவில்லை.

2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கும் அதே கருத்து. கருத்தில் குறையில்லை. பதிவேடு இப்போது கைப்பேசிக்குள் சென்றிருக்கிறது, அவ்வளவே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. பள்ளிக்குள்ளேயே வளரும் பதிவுப் பணிக்கு அதில் தடையில்லை. கல்விக் கொள்கை வகுப்போரிடம் நான் வேண்டுவன இரண்டே: புதிய பதிவேடு ஒன்று தரும்போது பழையது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "இப்பிள்ளைக்கு இன்னும் வரவில்லை" என்று அஞ்சாமல் எழுதும் உரிமையை ஆசிரியருக்குத் தாருங்கள். உண்மை எழுதியவர் விளக்கம் கேட்கப்பட்டு நிற்க, பொய் எழுதியவர் பாராட்டுப் பெற்றால், எந்த ஆய்வுக்கும் மெய்யான கணக்குக் கிட்டாது.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆசிரியரிடம் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதை விட, "என் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேளுங்கள். அவர் கீழ்ப்படி ஒன்றைச் சொன்னால் சினவாதீர்கள். உண்மை சொன்னவர் அவர்.

அந்த இளைஞரை மாலையில் வந்து எழுதப் பழகச் சொன்னேன். சிரித்தார். "வேலை இருக்கிறது சார். இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாயிற்று. பிள்ளை அமானிதம் என்று மேடைகளில் பேசிய நாவு என்னுடையது.

மறு ஆண்டு, இரண்டாம் வகுப்பிலும் அச்சிறுமி அரும்பு நிலையிலேயே நின்றாள். அரும்பு என்றே பதிந்தேன். பிறகு பாயை விரித்து, அவளருகே அமர்ந்தேன்.