பன்னிரண்டு அடியில் தரங்கம்பாடி ரயில்

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இன்றைய காலேஜ் பசங்களில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். 1926-இல் வந்த மீட்டர் கேஜ் பாதை அது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக சுமார் 30 கிலோமீட்டர். 1980-களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது மாடலாகச் செய்தால்தான் உண்டு.

அதற்கான பிளானைக் கம்ப்யூட்டரிலேயே போடலாம். எக்ஸ்டிராக்கேட் என்றொரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. (பி.காம். படிக்கிறவர்களுக்கு 'இலவசம்' என்ற வார்த்தையே போதும் :-)) பலகையின் நீள அகலத்தைக் கொடுத்துவிட்டு மவுஸால் தண்டவாளம் போட்டுக்கொண்டே போகலாம்.

முதல் சிக்கல் ஸ்கேல். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்ஓ, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆனால் அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜின் கணக்கு. நம்ம மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. அகலப் பாதையை வகுத்தாலோ 19 மி.மீ.க்கு மேல் போகிறது. இரண்டும் ஒட்டாது! நல்லவேளையாக, சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களில் பல மீட்டர் கேஜ்தான். அவற்றின் மாடல்களுக்காக விற்கிற 12 மி.மீ. பாதை இங்கே சரியாக வரும். ஆல்ப்ஸ் மலைக்கென்று செய்த தண்டவாளம், மேடே இல்லாத நெல் வயலுக்கு!

அடுத்தது தூரம். 30 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 345 மீட்டர். வீட்டு அறையில் ஒரு சுவர் 12 அடி இருந்தாலே பெரிசு. அப்படியென்றால் எதை வெட்டுவது?

முதலில் வெட்ட வேண்டியது மாயவரத்தைத்தான். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் ஜங்ஷனைப் போட்டால் பலகை அதோடு முடிந்தது. ஓரத்தில் ஒரு தடுப்பு வைத்து, அதன் பின்னால் மறைவாக இரண்டு லைன் போட்டு, அதுதான் மாயவரம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தரங்கம்பாடியை வெட்ட முடியாது. கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி, பக்கத்து லைனில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். பார்க்க அதுதான் அழகே. ஒரு மீட்டர் கேஜ் பெட்டி மாடலில் சுமார் 22 செ.மீ. மூன்று பெட்டி, ஒரு என்ஜின், இரண்டு பக்கமும் பாயிண்ட்... ஏறத்தாழ 5 அடி போய்விடும்.

மீதி 7 அடியில்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். திரையில் தண்டவாளத்துக்குக் காசு கிடையாதே! காலி இடத்தைப் பார்த்தவுடன் ஒரு லூப், ஒரு யார்டு, ஒரு சைடிங் என்று நிரப்பத் தோன்றும். நிரப்பினால் அது டெல்டா ரயிலாகவே இருக்காது. ஒற்றைப் பாதை, இரண்டு பக்கமும் நெல், நடுவில் ஒரு வாய்க்கால் பாலம், திருக்கடையூருக்கு ஒரே ஒரு பிளாட்பாரம். போதும்.

கடைசியில் பிளானை நிஜ அளவிலேயே பிரிண்ட் எடுத்து, தாள்களை ஒட்டி, தரையில் விரித்துப் பார்க்கலாம். வயல் வருகிற தாள்களில் ஒரே ஒரு பாதைதான் இருக்கும். மையும் மிச்சம்.