வாடகை வீடும் முப்பது சதவீதமும்

ஜூலை பிறந்துவிட்டால் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறிவிடும். சர்க்கரையும் முழங்கால் வலியும் பின்னுக்குப் போய், "ரிட்டர்ன் போட்டாச்சா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. பென்ஷனும் வங்கி வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள்தான் ஒரு பை நிறைய ரசீதுகளோடு ஆடிட்டரைத் தேடுகிறார்கள். பிளம்பர் கூலி, பெயின்ட், புரோக்கர் கமிஷன், அசோசியேஷன் சந்தா எல்லாம் அந்தப் பையில் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமியும் அப்படித்தான் வந்தார். குடும்ப ஓய்வூதியம், கொஞ்சம் டெபாசிட் வட்டி, மந்தைவெளி ஃபிளாட்டின் வாடகை, இவைதான் அவருக்கு ஜீவனம். கட்டடம் 1980களில் கட்டியது. மொட்டைமாடியில் ஒழுக்கு நிறுத்தி, பழைய குழாய்களை மாற்றி, வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்ததில் அவர் பங்கு 1,10,000 ரூபாய். "இதை வாடகையிலேர்ந்து கழிச்சுக்கலாமோல்லியோ?" என்று கேட்டார். "முடியாது மாமி" என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

கடை வைத்திருப்பவர் போல வீட்டுக்காரர் செலவுகளை ஒவ்வொன்றாகக் கழிக்க முடியாது. 1961ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தில் ஆரம்பத்தில் ஒரு பட்டியலே இருந்தது. பழுதுபார்ப்புக்கு ஆறில் ஒரு பங்கு, இன்சூரன்ஸ் பிரீமியம், நிலவாடகை, வாடகை வசூலிக்கும் செலவு, வீடு காலியாகக் கிடந்த நாட்களுக்கு ஒரு கழிவு என்று நீளும். 2001 நிதிச் சட்டம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்குமாக 30 சதவீதம் என்று வைத்தது. கடன் வட்டி மட்டும் தனி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த 30 சதவீதம் மாறவில்லை.

ஒரு ரூபாய் செலவு செய்யாத வருடத்திலும் இது உண்டு, ரசீது கேட்பதில்லை. அதற்கு மேல் செலவானால் ஒரு பைசா கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி கோட்டூர்புரத்துத் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தபோது ஒயரிங், கதவு என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட்டவர்களுக்கும் இதே 30 சதவீதம்தான்.

மாமியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மாத வாடகை 25,000, வருடத்துக்கு 3,00,000. மாநகராட்சிக்கு அவர் கட்டிய சொத்து வரி 8,000. மீதி 2,92,000. அதில் 30 சதவீதம் 87,600. வருமானமாகக் காட்ட வேண்டியது 2,04,400.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சொத்து வரி, கட்டிய வருடத்தில்தான் கழியும். பழைய பாக்கியைச் சேர்த்து இந்த வருடம் கட்டினால் மொத்தமும் இந்த வருடமே கழியும். வாடகைக்காரர் கட்டினால் நமக்குக் கழிவு இல்லை. வாடகைக்கு விட்ட வீடு ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால், வந்த பத்து மாத வாடகையைக் காட்டினால் போதும்.

மராமத்து மாதம் 4,000 என்றால், அதையும் சேர்த்து 29,000 வாடகை என்று ஒப்பந்தம் எழுதாதீர்கள். வருடத்துக்கு 48,000 வாடகையாகக் கூடும். 30 சதவீதம் போக 33,600 உங்கள் வருமானத்தில் ஏறும். வாடகை தனி, மராமத்தை வாடகைக்காரர் நேரே அசோசியேஷனுக்குக் கட்டுவது என்று எழுதிக்கொள்வது நல்லது.

பழுதுபார்க்கக் கடன் வாங்கியிருந்தால் அந்த வட்டியைக் கழிக்கலாம். மாமி தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார், அதனால் அதுவும் இல்லை. இல்லாத லிஃப்டைப் புதிதாக வைப்பது போன்ற மேம்பாடு என்றால், பிற்பாடு வீட்டை விற்கும்போது அதை அடக்கவிலையில் சேர்க்கலாம். அந்த ரசீதுகளைத் தனி உறையில் போட்டு வையுங்கள், பிள்ளைகளுக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.

ஃபிளாட் அமெரிக்காவில் இருக்கும் மகன் பெயரில், வாடகை மட்டும் இங்கே அப்பாவின் கணக்கில், என்பது அடையாறு பக்கம் நிறையப் பார்க்கிறோம். பணம் யார் கணக்கில் விழுந்தாலும் வருமானம் சொந்தக்காரருடையது. அவர் வெளிநாட்டுவாசியானால் வாடகைக்காரர் முழு வாடகையிலும் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். மகன் இங்கே ரிட்டர்ன் போட்டுத்தான் அதிகப்படியைத் திரும்ப வாங்க முடியும்.

மாமியின் கதைக்கு வருகிறேன். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சாதாரண வருமானத்துக்கு, இங்கேயே வசிப்பவருக்கு வரி இல்லை. பென்ஷன், வட்டி, வாடகை எல்லாம் சேர்த்தாலும் மாமி அதற்குள் அடங்கிவிடுகிறார். கழிவு கிடைக்கவில்லை என்பதால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. திடீரென்று 1,10,000 ரூபாய் எடுக்க வேண்டி வந்ததுதான் அவருடைய கஷ்டம். அதற்காக ஒரு டெபாசிட்டைப் பாதியில் உடைத்திருக்கிறார்.

அந்த 87,600 ரூபாயை நான் இப்படித்தான் பார்க்கிறேன். வீடு தேயும், அதற்குச் செலவாகும் என்று சட்டமே ஒத்துக்கொண்டு வாடகையில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கிறது. நாம் அதைக் குடும்பச் செலவில் கரைத்துவிடுகிறோம். ஐந்து வருடம் ஒன்றும் வராது, ஆறாவது வருடம் சம்ப்பில் விரிசல், அடுத்து லிஃப்ட். அசோசியேஷன் கூட்டத்தில் "இப்ப எதுக்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அங்கே குடியில்லாத, வாடகைக்கு விட்டிருக்கும் நம் போன்றவர்கள்தான். நாற்பது வயதுக் கட்டடத்தில் அந்த அடுத்த வருஷத்துக்குள் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பெயர்ந்து விழும். கீழே நடப்பது யாருடைய பேரனோ.

முழு முப்பதும் முடியாவிட்டால் பதினைந்தாவது எடுத்து வைக்கலாம். 25,000 வாடகைக்கு மாதம் 3,750 ரூபாய். தபால் அலுவலகமோ வங்கியோ, ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் வருடத்துக்கு 45,000 சேரும். மாமி இந்த மாதம் ஆரம்பித்திருக்கிறார். லிஃப்ட் மாற்ற வேண்டும் என்று அசோசியேஷனில் இப்போதே பேச்சு வந்துவிட்டதாம்.