கைக்கும் வாய்க்கும் நடுவே

விளையாட்டுக் களிமண்ணையும் ஸ்லைமையும் ஆய்வகத்தில் சோதிக்கும் முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. பொருளுக்குள் மொத்தம் எவ்வளவு நச்சு கிடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. குழந்தை விழுங்கினால் வயிற்றில் எவ்வளவு கரையும் என்று பார்க்கிறது. பொம்மைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 9873-இன் மூன்றாம் பகுதிப்படி, மாதிரியை 37 டிகிரி சூட்டில், இரைப்பை அமிலத்தை ஒத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் குலுக்கி, மேலும் ஒரு மணி நேரம் வைத்திருந்து வடிகட்டுகிறோம். கரைந்து வந்த ஈயம், காட்மியம், பேரியம் உள்ளிட்ட 8 தனிமங்களை அளக்கிறோம். கரைவதை ஏன் அளக்க வேண்டும் என்பதற்குப் பேரியமே சான்று: எக்ஸ்ரேவுக்குக் குடிக்கத் தரும் பேரியம் சல்பேட் கரையாமல் வெளியேறிவிடும். நீரிலேயே கரையும் பேரியம் நைட்ரேட் ரத்தத்தில் கலந்து தசையையும் இதயத்தையும் தாக்கும். பெரும்பாலான பொம்மைகளில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வரை கரையலாம் என அனுமதிக்கப்பட்ட பேரியம், பிசையும் களிமண்ணில் 250-ஐத் தாண்டக் கூடாது. கையில் ஒட்டுவது வாய்க்கும் போகும் என்பதே காரணம்.

சிவகாசி அருகே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் செய்யும் பட்டாசுக்கும் இதே அளவுகோல் வேண்டும் என்பது என் வாதம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பட்டாசை அந்தத் தரநிலை பொம்மையாகக் கொள்வதே இல்லை. ஆனால் கம்பி மத்தாப்பு குழந்தையின் கைக்கென்றே விற்கப்படுகிறது. பழைய முறைக் கலவையில் பாதி பேரியம் நைட்ரேட் என்று கொண்டால், ஒரு கிலோ மருந்தில் சுமார் 2,60,000 மில்லிகிராம் பேரியம்; களிமண்ணின் வரம்பைப்போல ஆயிரம் மடங்கு. எரிந்துபோவதை யார் தின்கிறார்கள் என்று கேட்கலாம். கொளுத்தும் முன்பே மருந்து உதிர்ந்து விரலில் படிகிறது. தீபாவளியன்று அதே விரல்தான் அதிரசத்தையும் எடுக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, 2021-இல் அதை உறுதியும் செய்துவிட்டதே என்றும் கேட்கலாம். அந்தத் தடை கலவை அறைவரை வந்து சேர்ந்ததா என்பதைச் சோதனைதான் சொல்லும். தவிர, அந்த வழக்கின் கவலை காற்று மாசு. மாற்று உப்புகளோடு ஈயமோ காட்மியமோ கலந்து வந்தால் அதையும் பிடிக்க வேண்டும். சிறு ஆலைகள் செலவைத் தாங்காது என்ற கவலை நியாயமானது. அதனால்தான் முதலில் மூலப்பொருளைச் சோதிக்கச் சொல்கிறேன்: ஒரு சரக்கின் உப்பைச் சோதித்தால், அதில் செய்யும் அத்தனை பெட்டிகளுக்கும் அந்தச் செலவு பங்காகிவிடும். மூலப்பொருளைப் பகுத்தாயும் வசதியைத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி சிவகாசியிலேயே அமைத்திருக்கிறது. கம்பி மத்தாப்புக்கும் பாம்பு மாத்திரைக்கும் அமிலக் கரைசல் சோதனையைக் கட்டாயமாக்கி, தொகுதி எண்ணோடு முடிவைப் பெட்டியில் அச்சிட வேண்டும். அந்த மருந்தை நாள் முழுக்கக் கையாளும் தொழிலாளர்களுக்கும் அது பாதுகாப்பு. பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர்களுக்கு, அதில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை.